விஞ்ஞானத்தின்பால் ஈர்ப்பது எது?

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் எங்கள் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "எந்தப் பிரிவுக்குப் போகப் போகிறாய்?" என்பதாகும். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் 'ஏ' சித்தி கிடைத்திருந்தால் அடுத்த கேள்வி, "டொக்டரா, இஞ்சினியரா?" என்பது. பெறுபேறு சற்றுக் குறைந்திருந்தாலோ விஞ்ஞானம் என்ற சொல்லே அவ்வீட்டில் பிறகு எழுவதில்லை. இந்த இரு வீடுகளிலும் கேட்கப்படாமற் போகும் கேள்வி ஒன்றுண்டு. "மகள், உனக்கு எதை அறிய ஆசை?" என்பதே அது.

விஞ்ஞானத்தைத் தம் தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தால், அவர்களைச் செலுத்தியது பரீட்சைப் புள்ளிகள் என்று எங்கும் காணக் கிடைப்பதில்லை. சிறு வயதில் ஏதோவொரு கேள்வி அவர்களைத் தொட்டிருக்கிறது. அந்தக் கேள்வியை அணைத்துவிடாமல் வீட்டிலோ பாடசாலையிலோ ஒருவர் காத்திருக்கிறார். இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேயே ஒரு விஞ்ஞானி உருவாகியிருக்கிறார். இதனைச் சிலருடைய வாழ்க்கையைக் கொண்டு நோக்குவோம்.

கேள்வியே தொடக்கம்

ஓதுமாறு பணித்தே வஹீ ஆரம்பமானது என்பதை அறிந்த சமூகம் நாம். அந்தச் சமூகத்தின் முன்னோர் கேள்வி கேட்க அஞ்சவில்லை. கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் அவர்களுள் ஒருவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று பண்டைய கிரேக்க அறிஞர் சிலர் கூறியிருந்தனர். அப்படியாயின் கடும் ஒளியைப் பார்க்கும்போது கண் ஏன் நோகிறது என்று இவர் கேட்டார். ஒரு துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, இருட்டறையினுள் விழும் ஒளிப் பொட்டுகளை அவதானித்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மாத்திரம் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்ற விளக்கத்தை அவர் தமது 'கிதாபுல் மனாஸிர்' என்ற நூலில் நிறுவினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் நெடுங்காலம் படிக்கப்பட்டது.

விளக்கு, துவாரம், இருட்டறை ஆகிய மூன்றும் எந்த வீட்டிலும் உள்ளவை. அவற்றை வைத்து ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்ததே இப்னுல் ஹைஸமை ஏனையோரிலிருந்து வேறுபடுத்தியது.

கைக்கு எட்டிய ஒரு பொருள்

டொரதி ஹொட்ஜ்கின் 1910இல் கெய்ரோவில் ஆங்கிலேயப் பெற்றாருக்குப் பிறந்தவர். பத்து வயதளவில் ஒரு சிறு வகுப்பில் படிகாரத்தையும் செப்பு சல்பேற்றையும் நீரில் கரைத்துப் பளிங்குகள் வளர்க்கக் கற்றார். கரைசலை ஆடாமல் வைத்துவிட்டால் சில நாட்களில் கூரிய விளிம்புகளோடு பளிங்குகள் தாமாக உருவாகின்றன. கலங்கிய நீருக்குள்ளிருந்து இவ்வளவு ஒழுங்கு எப்படி வந்தது என்ற வியப்பு அவரை விட்டு அகலவேயில்லை.

பெற்றார் பணியாற்றிய சூடானுக்கு அவர் சென்றபோது, தோட்டத்தில் கறுத்து மினுங்கிய கனியம் ஒன்றைக் கண்டார். குடும்ப நண்பரான இரசாயனவியலாளர் ஜோசப், பிள்ளை விளையாட்டு என்று அதைத் தட்டிக் கழிக்கவில்லை. வேண்டிய இரசாயனப் பொருட்களைக் கொடுத்து, அது என்னவென்று அவரே சோதித்தறிய உதவினார். அது இல்மனைட்டு எனத் தெரியவந்தது. எமது நாட்டின் புல்மோட்டைக் கடற்கரை மணலில் செறிந்து கிடக்கும் அதே கறுப்புக் கனியம்தான். இங்கிலாந்தில் அவர் படித்த பாடசாலையில் இரசாயனவியல் ஆண் பிள்ளைகளுக்குரிய பாடமாக இருந்தது. அவரும் இன்னொரு மாணவியும் சிறப்பு அனுமதி பெற்று அவ்வகுப்பில் அமர்ந்தனர். பதினைந்து பதினாறு வயதில், எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணுக்களின் அமைப்பை அறியலாம் என்று விளக்கும் நூலொன்றைத் தாயார் அவருக்குப் பரிசளித்தார். அதுவே அவரது வாழ்நாட் பணியாயிற்று. பெனிசிலின், விற்றமின் பி12 ஆகியவற்றின் மூலக்கூற்று அமைப்பை வெளிப்படுத்திய அவருக்கு 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்னொருவர் உமர் யாகி. பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில் 1965இல் ஜோர்தானின் அம்மான் நகரில் பிறந்தார். மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத நெருக்கமான வீடு. பத்து வயதில் ஒருநாள், வழமையாகப் பூட்டிக் கிடக்கும் பாடசாலை நூலகத்தினுள் மெல்ல நுழைந்து, கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். உருண்டைகளும் குச்சிகளும் இணைந்த விசித்திரமான படங்கள் இருந்தன. அவை மூலக்கூறுகள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவற்றின் அழகு மனதில் பதிந்துவிட்டது. உலோக அயன்களையும் சேதனச் சேர்வைகளையும் இணைத்து, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட திண்மப் பொருட்களை உருவாக்கியமைக்காக 2025ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசை அவர் வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார். அத்தகைய பொருளின் சில கிராம்களுக்குள் ஓர் உதைபந்தாட்ட மைதானமளவு மேற்பரப்பு அடங்கும். அவரது குழுவினர் உருவாக்கிய ஒரு பொருள், பாலைவனக் காற்றிலுள்ள நீராவியை இரவில் உறிஞ்சி, காலை வெயில் பட்டதும் நீராக விடுகிறது. குழாய் நீர் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை, காற்றிலிருந்து நீர் எடுக்கும் வழியைக் கண்டது.

பூட்டிக் கிடந்த அந்த நூலகத்தை நாம் மறந்துவிடக் கூடாது. பழுதாகிவிடும் என்ற அச்சத்தில் நுணுக்குக்காட்டிகள் அலுமாரிக்குள்ளேயே பாதுகாக்கப்படும் ஆய்வுகூடங்கள் எமது நாட்டிலும் உண்டு. எந்தப் பிள்ளையின் கை எந்தப் பொருளைத் தேடுகிறது என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது.

நோயிலிருந்து பிறந்த நோக்கம்

எல்லோரையும் அழகும் வியப்பும் மட்டுமே ஈர்ப்பதில்லை. சிலரைத் துன்பமே அழைத்துச் செல்கிறது. சீனாவின் நிங்போ நகரில் 1930இல் பிறந்த து யூயூ, பதினாறு வயதில் காசநோயால் பீடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் பாடசாலைக் கல்வியை இழந்தார். குணமடைந்து எழுந்தபோது, மருந்துகளைப் பற்றிய கல்வியே தனக்குரியது எனத் தீர்மானித்திருந்தார்.

1969இல் மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடும் குழுவொன்றின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது குழுவினர் பழைய வைத்திய ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 2000 குறிப்புகளைத் திரட்டினர். ஒரு செடியின் சாறு சிலவேளை பலனளித்தது, சிலவேளை பலனளிக்கவில்லை. காரணம் புரியவில்லை. சுமார் 1600 ஆண்டுகள் பழைமையான ஏடொன்றை அவர் மீண்டும் படித்தார். அதில் அச்செடியைக் கொதிக்க வைக்கும்படி கூறப்பட்டிருக்கவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்கும் முறையே இருந்தது. வெப்பம்தான் மருந்தின் வீரியத்தை அழிக்கிறதோ என்று அவர் ஐயுற்றார். குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஈதரைப் பயன்படுத்திச் சாற்றைப் பிரித்தார். 1971 ஒக்டோபரில், 191 எனும் இலக்கமிடப்பட்ட மாதிரி, தொற்றுக்குள்ளான எலிகளில் முழுப் பலனளித்தது. நோயாளருக்குக் கொடுக்க முன், அது பாதுகாப்பானதா என அறிய அவரும் சகாக்களும் தாமே அதனை உட்கொண்டனர். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆட்டிமிசினின் உலகெங்கும் உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

1934-35 காலப்பகுதியில் மலேரியாவுக்குப் பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த நாடு இது. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மருந்தை மாத்திரம் கொண்டு இது நிகழவில்லை. நுளம்புகளின் இயல்பைக் கற்றவர்களும், குருதிப் பூச்சுகளை நுணுக்குக்காட்டியில் பொறுமையோடு பார்த்தவர்களும், கிராமம் கிராமமாகச் சென்றவர்களும் இதிலே பங்காளிகள். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

விடாமல் தொடரும் கேள்வி

இலங்கையிலிருந்து எழுந்த விஞ்ஞானிகளுள் சிறில் பொன்னம்பெரும தனித்துவமானவர். 1923இல் காலியில் பிறந்த இவர் முதலிற் படித்தது விஞ்ஞானமன்று. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பட்டம் பெற்றார். பிறகு இலண்டன் சென்று இரசாயனவியல் படித்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் ஜே.டி. பேர்னல். முன்னர் கேம்பிரிட்ஜில் டொரதி ஹொட்ஜ்கினுக்கு வழிகாட்டியவரும் இவரே. உயிர்களை ஆக்கும் இரசாயனப் பொருட்கள் ஆதியில் எவ்வாறு தோன்றின என்ற கேள்வி பொன்னம்பெருமவை அமெரிக்காவின் நாசா வரை அழைத்துச் சென்றது. சந்திரனிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணை ஆராய்ந்தோருள் அவரும் ஒருவர். 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரது குழு கண்டது. பின்னர் தாய்நாடு திரும்பி, கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார். பட்டம் மாறியது, நாடு மாறியது. அவரோடு கூடவே வந்தது அந்தக் கேள்வி.

எமது காலத்தவரான ஆஷா டி வோஸ் கொழும்பில் வளர்ந்தவர். பெற்றார் வாங்கிக்கொடுத்த பழைய 'நெஷனல் ஜியோகிராபிக்' சஞ்சிகைகளைப் புரட்டிய ஆறு வயதிலேயே, எவரும் காணாததைத் தான் காண வேண்டும் என ஆசைப்பட்டார். 2003இல் எமது தென்கடலில் ஆய்வுக் கப்பலொன்றில் சென்றபோது, நீலத் திமிங்கிலங்கள் கூடியிருந்த இடத்தில் செந்நிறமாக ஏதோ மிதப்பதைக் கண்டார். அது திமிங்கிலத்தின் மலம்! முகம் சுளிப்பதற்குப் பதிலாக அவர் சிந்தித்தார். நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடலில் இரை உண்டு, வெப்பக் கடலுக்கு இனம்பெருக்கவே வருகின்றன எனப் பாடநூல்கள் கூறின. இங்கே மலம் மிதக்கிறதென்றால் அவை இங்கேயே உண்கின்றன என்றல்லவா பொருள்? அந்த ஒரு கேள்வி இலங்கைக் கடலின் திமிங்கிலங்கள் பற்றிய நீண்ட ஆய்வாக விரிந்தது. கடல் சூழ்ந்த எமது நாட்டில், கடல்வாழ் பாலூட்டிகள் பற்றிய ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாமவர் அவரே.

கதவைத் திறந்து விட்டவர்கள்

ஈரானைச் சேர்ந்த மர்யம் மிர்ஸாகானி கணிதத் துறையின் அதியுயர் விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்றார். அதனைப் பெற்ற முதற் பெண் அவர். சிறு வயதில் அவருக்குக் கதைகள் மீதுதான் ஆசை. எழுத்தாளராக வேண்டும் என்றிருந்தார். கணிதத்தின் பக்கம் அவரது பார்வையை முதலில் திருப்பியவர் அவருடைய நாநா. பாடசாலையில் கற்றதை வீட்டுக்கு வந்து தங்கைக்குச் சொல்வது அவரது வழக்கம். ஒருநாள், 1 முதல் 100 வரையுள்ள எண்களை எப்படி விரைவாகக் கூட்டுவது என்று சொன்னார். முதலும் கடைசியுமாகச் சோடி சேர்த்தால் ஒவ்வொரு சோடியும் 101 வரும். ஐம்பது சோடிகள். விடை 5050. அந்தத் தீர்வின் அழகை மர்யம் பிற்காலத்திலும் மறக்கவில்லை.

ஆனால் ஆறாம் தரமளவில் அவர் கணிதத்தில் பின்தங்கினார். அவருக்கு அதில் திறமை இல்லையென ஆசிரியரும் கருதினார். அடுத்த ஆண்டு வந்த வேறோர் ஆசிரியர் ஊக்குவித்தபோது நிலைமை மாறியது. பின்னர் அவரும் தோழி ஒருத்தியும், ஆண் பிள்ளைகளின் பாடசாலையில் நடப்பது போன்ற கணித ஒலிம்பியாட் பயிற்சி தமக்கும் வேண்டும் என்று அதிபரிடம் கேட்டனர். அதுவரை ஈரானிய அணியில் ஒரு மாணவிகூட இடம்பெற்றதில்லை. அந்தப் பெண்கள் பாடசாலையின் அதிபர் அதனை ஒரு தடையாகக் கருதாமல் வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் மர்யம் தங்கப் பதக்கம் வென்றார். இரண்டாவது ஆண்டில் பெற்றது முழுப் புள்ளிகள். 2017இல் நோய்க்கு ஆளாகி நாற்பது வயதில் அவர் மறைந்தபோது, உலகின் முன்னணிக் கணிதவியலாளர்களுள் ஒருவராயிருந்தார்.

எகிப்தின் அஹ்மத் ஸுவைல் சிறுவனாயிருந்தபோது, உம்மா அரபுக் கோப்பி தயாரிக்கும் எண்ணெய் அடுப்பையும் சில கண்ணாடிக் குழாய்களையும் படுக்கையறையில் வைத்து, மரத்துண்டு எரிவாயுவாக மாறுவதைச் சோதித்துப் பார்த்தாராம். வீடு எரிந்துபோகக் கூடிய வேலைதான்! அந்தக் குடும்பத்தினர் அவரது படிக்கும் அறைக் கதவில் 'டொக்டர் அஹ்மத்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தனர். அப்போது அவர் கலாநிதிப் பட்டத்துக்கு வெகு தூரத்தில் இருந்தார். ஒரு செக்கனைப் பத்து இலட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடிப் பங்காக்கினால் வரும் காலத் துணுக்குக்குள் மூலக்கூறுகளில் நிகழும் மாற்றத்தைக் காண வழி கண்டு, 1999இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

"எங்களுக்கே படிப்பில்லை, பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று தயங்கும் பெற்றாருக்கு துருக்கியின் அஸீஸ் சஞ்சாரின் வாழ்க்கை விடை கூறும். அவரது தாய் தந்தையர் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள். ஆயினும் எட்டுப் பிள்ளைகளின் கல்வியையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சஞ்சார் மருத்துவராகிச் சொந்த ஊரின் அருகே சேவையாற்றினார். பிறகு ஆய்வுத் துறைக்குச் சென்றார். சேதமுற்ற டி.என்.ஏ. கலத்தினுள் எவ்வாறு திருத்தப்படுகிறது என்பதை விளக்கியமைக்காக 2015இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். மருத்துவரானதோடு விஞ்ஞானப் பயணம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அவர் ஒரு சான்று.

ஈர்ப்பு நிலைத்து நிற்க

ஒரு கணத்து வியப்பு ஒருவரை விஞ்ஞானியாக்கிவிடாது. ஹொட்ஜ்கின் இன்சுலின் பளிங்கை முதன்முதலில் எக்ஸ் கதிரால் படமெடுத்தது 1930களின் நடுப்பகுதியில். அதன் அமைப்பை முழுமையாகக் கண்டறிந்தது 1969இல். ஏறத்தாழ 34 ஆண்டுகள்! இளம் வயதிலேயே மூட்டுவாதம் அவரது விரல்களை வளைத்திருந்தது. மூன்று பிள்ளைகளின் தாயாகவும் இருந்தார். இன்று சீனி வருத்தம் இல்லாத குடும்பமே எமது நாட்டில் அரிது. உம்மும்மாவுக்கு ஊசி போடும்போது, அந்த மருந்தின் அமைப்பைக் காண ஒரு பெண் இத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. து யூயூ ஆய்வுக்காகத் தன் சின்ன மகளைப் பெற்றோரிடம் விட்டுச் சென்று, மூன்று ஆண்டுகளின் பின் பார்க்கச் சென்றபோது பிள்ளைக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அந்தச் சுமையைப் பெண் தனியே சுமக்கும் வீட்டில் அவளது கேள்வி விரைவில் அணைந்துவிடும். வீட்டார் பகிர்ந்துகொண்டால் அது நிலைக்கும்.

எங்கள் வீடுகளுக்கு

பெற்றாரே, இசட் புள்ளி ஒரு சிறு அளவால் குறைந்து மருத்துவ பீடம் கிடைக்காமற் போனதும், "இனிப் படிப்பு எதற்கு?" என்று பெண் பிள்ளையின் விஞ்ஞானக் கல்விக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. பதின்மூன்று வருடம் வளர்த்த ஒரு கேள்வி அன்றோடு அடங்கிவிடுகிறது. உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், விவசாயம், உணவு விஞ்ஞானம், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று பட்டப்படிப்புகள் பல உள்ளன. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் வந்தாறுமூலையில் உள்ளது. வீட்டுப் பொறுப்புகளோடு படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகமும் விஞ்ஞானப் பட்டம் வழங்குகிறது. மாப்பிள்ளை வீட்டாரோடு பேசும்போது மகளின் படிப்பையும் ஒரு விடயமாக எடுத்துப் பேசுவதில் எந்தக் குறையும் இல்லை.

அதற்கு முன், சிறு வயதில் அவள் கேட்கும் "ஏன்?" என்ற கேள்விக்கு "சும்மா இரு" என்று கூறாதிருப்போம். விடை தெரியாவிட்டால், "தெரியாது மகள், சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வது போதும். மரச்சீவலை எரித்த மகனைத் திட்டிவிட்டு, அவன் அறைக் கதவில் 'டொக்டர்' என்று எழுதி வைக்கவும் ஒரு மனம் வேண்டும்.

மாணவச் சகோதரிகளே, உங்களுக்குள் இருக்கும் கேள்வி பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மழைக்கு முன் எறும்பு ஏன் இடம் மாறுகிறது? வட்டிலப்பம் அவியும்போது முட்டை ஏன் இறுகுகிறது? உப்பளத்தில் உப்பு ஏன் சதுரச் சதுரமாக விளைகிறது? ஒன்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆசிரியையிடம் கேளுங்கள், நூலகத்தில் தேடுங்கள், வீட்டிலேயே செய்து பாருங்கள். கணிதத்தில் ஒரு தவணை புள்ளி குறைந்தால் ஆறாம் தரத்து மர்யமை நினைவுகூருங்கள். ஆய்வுகூடம் பூட்டியிருந்தால், தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டு அதிபரிடம் சென்று மரியாதையோடு கேளுங்கள். அப்படிக் கேட்ட இரு மாணவிகளுக்காக ஒரு கதவு திறந்ததை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. உங்களுக்காகவும் திறக்கும், இன்ஷா அல்லாஹ்.